568 எடுத்த மகள், 307 எடுத்த மகன்

கேள்வி: நாங்கள் நாமக்கல் பக்கம். என் கணவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். மகள் பிளஸ் டூவில் 600-க்கு 568 எடுத்தாள். இன்ஜினியரிங் முடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சில இன்டர்வியூக்களில் கிடைக்கவில்லை என்றதும் இப்போது எதற்கும் விண்ணப்பிப்பதே இல்லை. அறையை விட்டு வெளியே வருவதும் குறைந்துவிட்டது. மகன் இந்த வருடம் பத்தாம் வகுப்பில் 307. தமிழ் 78, ஆங்கிலம் 59, கணக்கு 41, அறிவியல் 52, சமூக அறிவியல் 77. வாயால் கேட்டால் சொல்கிறான், பேப்பரில் வரமாட்டேன் என்கிறது. லீவு விட்டால் அப்பாவோடு பட்டறைக்குப் போய்விடுவான். லாரி வயரிங் நன்றாக வருகிறது என்று அங்கே சொல்கிறார்கள். என் கணவர், "மார்க் இல்லாதவனுக்கு வாழ்க்கையே இல்லை" என்று தினமும் திட்டுகிறார். கொழுந்தனார், "பட்டறை ஓனரே பத்தாவது ஃபெயில். ராமானுஜனே ஃபெயிலானவர்தான். பையனைப் பட்டறையிலேயே விடுங்கள்" என்கிறார். மகளைப் பார்த்தால் கொழுந்தனார் சொல்வது சரி என்று படுகிறது. மகனைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நல்ல மார்க் எடுத்தால் வாழ்க்கை நன்றாக அமையும் என்பது உண்மையா, பொய்யா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மார்க்குக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது சில இடங்களில் மட்டும் செல்லும், சில வருடங்களுக்கு மட்டும் செல்லும். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு அதன் மதிப்பு மற்றவர்களைவிட அதிகம். உங்கள் கணவர் சொல்வதும் கொழுந்தனார் சொல்வதும் ஆளுக்குப் பாதி.

மார்க் எங்கே செல்லும் என்று முதலில் பார்ப்போம். இன்ஜினியரிங் கலந்தாய்வில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். அதில் அரை மார்க் குறைந்தால் அரசுக் கல்லூரி இடம் கைநழுவி, பல மடங்கு கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிக்குப் போக வேண்டிவரும். அஞ்சல் துறையில் கிராமிய அஞ்சல் ஊழியர் வேலைக்கு எழுத்துத் தேர்வே கிடையாது, பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்தே ஆள் எடுக்கிறார்கள். பல ஐடி நிறுவனங்கள் பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தேர்வுக்கே கூப்பிடுகின்றன. இந்த இடங்களில் எல்லாம் மார்க் என்பது பணத்துக்குச் சமம். அதனால்தான் 'மார்க் ஒரு விஷயமே இல்லை' என்று யாராவது மேடையில் பேசும்போது எனக்குக் கவலையாக இருக்கும். நான்கு லாரி வைத்திருப்பவர் மகன் 307 எடுத்தால் அப்பாவின் தொழில் அவனுக்காகக் காத்திருக்கும். வெல்டர் மகனுக்கு அப்படி எதுவும் காத்திருக்கவில்லை. உங்கள் கணவர் இதை வாழ்ந்து தெரிந்துகொண்டவர். அவர் திட்டுவதில் இருப்பது இந்த பயம்தான்.

இதே மார்க் எவ்வளவு நாள் செல்லும்? கல்லூரி மதிப்பெண்ணுக்கும் வேலையில் காட்டும் திறமைக்கும் என்ன தொடர்பு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 1996-ல் அமெரிக்காவில் வந்தது. தொடர்பு ஓரளவு இருக்கிறது, ஆனால் படிப்பு முடிந்து வருடங்கள் ஆக ஆக அது தேய்ந்துகொண்டே போகிறது என்று அதில் தெரிந்தது. கூகுளில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்த லாஸ்லோ பாக் 2013-ல் இதையே தன் நிறுவனக் கணக்கை வைத்துச் சொன்னார்: அப்போதுதான் கல்லூரியை விட்டு வருகிறவர்களைத் தவிர மற்றவர்களை எடுக்க மதிப்பெண் உதவவில்லை. உங்கள் மகளுக்கு நடந்ததும் இதில் அடங்கும். அவளுடைய 568, அந்த 60 சதவீத வரிசையில் அவளை உள்ளே விட்டது. உள்ளே போன பிறகு 568-ம் ஒன்றுதான், 380-ம் ஒன்றுதான். அங்கே கேட்பது, "புராஜெக்டில் நீ என்ன பகுதி செய்தாய்?" என்று.

இனி கொழுந்தனார் சொன்ன இரண்டு பேருக்கு வருகிறேன்.

பட்டறை ஓனர் பத்தாவது ஃபெயில் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அவரோடு அதே வருடம் பத்தாவதில் தவறிய மற்றவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கொழுந்தனாரிடம் கேளுங்கள். அவருக்கே பெயர் சொல்லத் தெரிந்திருக்கும். சிலர் கிளீனராகப் போய் டிரைவர் ஆகியிருப்பார்கள், சிலர் கோழிப் பண்ணையில் இருப்பார்கள், பலர் அதே பட்டறையில் தினக்கூலிக்கு இருப்பார்கள். அவர்களும் உழைக்கிறவர்கள்தான். ஆனால் அவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. ஓனராக ஆனவர் ஒருவர் என்பதால்தான் அவர் கதை ஊருக்கே தெரிகிறது.

ராமானுஜன் கதையையும் நம் ஊரில் பாதியிலிருந்துதான் சொல்கிறார்கள். அவர் பள்ளியில் முதல் வரிசை மாணவர். 1897-ல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்தில் முதலிடம். 1904-ல் கும்பகோணம் டவுன் பள்ளியில் கணக்குக்குப் பரிசு. அந்தத் தகுதியில்தான் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். அங்கே கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தவறியதும் உதவித்தொகை போய்விட்டது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் அதே கதி. அதன்பின் பல வருடம் சாப்பாட்டுக்கே சிரமப்பட்டு, 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை கிடைத்தபோதுதான் மூச்சுவிட முடிந்தது. 32 வயதில் இறந்துபோன ஒருவருக்கு அந்த வருடங்கள் எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். மார்க் போனால் என்ன நடக்கும் என்பதற்குத்தான் அவர் வாழ்க்கை சாட்சி.

சரி, மகளைப் பற்றிப் பேசுவோம். எனக்கு இப்போது மகனைவிட அவளைப் பற்றித்தான் கவலை அதிகம்.

அவள் எந்தப் பள்ளியில் படித்தாள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் உங்கள் வட்டாரத்தில் சில பள்ளிகள் ஒரு காலத்தில் எப்படி மார்க் வாங்க வைத்தன என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும். பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டுவார்கள். காலை ஒரு தேர்வு, ராத்திரி ஒரு தேர்வு. அப்படி வந்த பிள்ளைகள் இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் கணக்கில் திணறினார்கள். 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு முந்தைய வருடமே மாநில ரேங்க் பட்டியல் அறிவிப்பதையும் அரசு நிறுத்திவிட்டது. எந்தப் பள்ளியானாலும், புக் பேக் கேள்வியை வரி பிசகாமல் எழுதி மார்க் வாங்கிப் பழகிய பிள்ளைக்கு ஒரு பழக்கம் ஊறிவிடுகிறது. பாடம் இதுதான் என்று யாராவது எல்லை போட்டுக் கொடுத்தால் அவள் உயிரைக் கொடுத்துப் படிப்பாள். எல்லை போட ஆள் இல்லை என்றால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1981-ல் பள்ளியில் முதல் இடங்களில் வந்த 81 பேரை கேரன் அர்னால்ட் என்ற கல்வி ஆய்வாளர் பதினான்கு வருடம் தொடர்ந்து கவனித்தார். பெரும்பாலானோர் கல்லூரியிலும் நன்றாகப் படித்து, நல்ல நிலையான வேலைக்குப் போனார்கள். புது வழி போட்டவர்கள் அவர்களில் அனேகமாக இல்லை. இருக்கிற அமைப்புக்குள் பொறுப்பாக வேலை செய்வதில் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்பது அவர் கண்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் மகளும் அப்படிப்பட்ட பெண் என்றால், அவளுக்குத் தேவை ஒரு அமைப்பு: காலையில் கிளம்பிப் போக ஓர் இடம், வேலை சொல்ல ஒரு மேலாள், முடித்ததும் 'சரி' என்று சொல்ல ஒருவர். வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது அவளைப் போன்றவர்களை ரொம்பவே தளர்த்திவிடும்.

இன்னொன்றையும் அவளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். 2023-க்குப் பிறகு ஐடி நிறுவனங்கள் புதிதாகப் படித்து வருபவர்களை எடுப்பதை நன்றாகக் குறைத்துவிட்டன. அவளைப் போலவே நல்ல மார்க்கோடு காத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பள்ளியில் ஒருமுறைகூட தோற்காத பிள்ளை, முதல் இரண்டு நிராகரிப்பிலேயே 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று முடிவு கட்டிவிடும். 307 எடுத்த உங்கள் மகனுக்கு இந்த விஷயத்தில் அக்காவைவிடப் பயிற்சி அதிகம்.

செய்ய வேண்டியது: முதலில் அவள் உடம்பையும் மனதையும் பாருங்கள். தூக்கம் கெட்டிருக்கிறதா, சாப்பாடு குறைந்திருக்கிறதா, குளிக்கக்கூடத் தோன்றாமல் இருக்கிறாளா, 'நான் இருந்து என்ன' என்பது போல் பேசுகிறாளா? இதில் ஏதாவது இருந்தால் வேலைப் பேச்சையே எடுக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள். உதவி எண்களான 14416 அல்லது 104-க்குக் கூப்பிட்டாலும் இலவசமாகப் பேசுவார்கள். கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

அது இல்லை என்றால், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு வேலை தேடச் சொல்லுங்கள். சம்பளம் குறைவாக இருக்கட்டும், அவள் படிப்புக்குக் கொஞ்சமாவது சம்பந்தப்பட்டதாக இருந்தால் போதும். "568 எடுத்தவள் பத்தாயிரத்துக்கா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும். ஆறு மாதம் வேலை பார்த்தவளுக்கு அடுத்த இன்டர்வியூவில் சொல்ல விஷயம் இருக்கும். குரூப் 4 எழுதலாமா என்றால், எழுதலாம். 200 கேள்வி, 300 மார்க், பத்தாம் வகுப்புத் தகுதி, பழைய மார்க்கைப் பார்ப்பதில்லை. அவளுக்குக் கைவந்த விஷயம்தான். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதட்டும். 'குரூப் 4-க்குப் படிக்கிறேன்' என்று மூன்று நான்கு வருடம் அதே அறையில் இருந்துவிட்ட பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன்.

இப்போது மகன். நீங்கள் பாடவாரியாக மார்க் எழுதியது நல்லதாகப் போயிற்று. மொத்தம் 307 என்று மட்டும் எழுதியிருந்தால் என்னால் எதுவும் சொல்லியிருக்க முடியாது.

தமிழில் 78, சமூக அறிவியலில் 77. இரண்டும் பக்கம் பக்கமாக எழுத வேண்டிய பாடங்கள். வாசிப்பதிலும் எழுதுவதிலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு பொதுவாக இங்கேயும் அடி விழுந்திருக்கும். எனவே 'பேப்பரில் வரமாட்டேன் என்கிறது' என்பது எல்லாப் பாடத்துக்கும் பொருந்தவில்லை. அறிவியலைப் பாருங்கள். 100-ல் 25 செய்முறைக்கு, அதைப் பெரும்பாலும் எல்லோரும் முழுதாகவோ முழுதுக்குப் பக்கத்திலோ வாங்கிவிடுகிறார்கள். அப்படியானால் எழுத்துத் தேர்வில் 75-க்கு ஏறக்குறைய 27 எடுத்திருக்கிறான். கணக்கில் 41. ஓட்டை எங்கே என்று தெரிகிறதா? எண் வருகிற இடத்தில்.

இவன் வயதுப் பிள்ளைகள் பின்னம், தசமம், விகிதம் எல்லாம் படிக்க வேண்டிய காலத்தில் கொரோனா வந்தது. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பரில்தான் திறந்தன. வீட்டில் ஒரே போன், அதுவும் அக்காவின் ஆன்லைன் வகுப்புக்கு என்று இருந்த வீடுகள் ஏராளம். அந்த அடித்தளம் விட்டுப்போன பிள்ளைக்கு ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு பாதியில் நுழைந்து பார்த்த சினிமா போலத்தான் இருக்கும். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்ததா என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். உங்கள் கணவரே செய்யட்டும், பட்டறையில் வைத்துச் செய்யட்டும். லாரிக்கு 24 வோல்ட் பேட்டரி. 70 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டு. மொத்தம் எத்தனை ஆம்பியர் இழுக்கும், எந்த ஃபியூஸ் போடுவாய் என்று பையனிடம் கேட்கச் சொல்லுங்கள். 140-ஐ 24-ஆல் வகுத்தால் ஆறுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். "ஆறு ஆம்பியர் கிட்ட வரும்ப்பா, பத்து ஆம்பியர் ஃபியூஸ் போடலாம்" என்று சொன்னான் என்றால், பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் மின்னோட்டவியல் பாடம் அவன் தலைக்குள் இருக்கிறது, தாளில் படிப்படியாக எழுதும் பழக்கம்தான் இல்லை. "பத்து ஆம்பியர், எப்பவும் அதுதான் போடுவாங்க" என்று மட்டும் சொன்னால், கை பழகியிருக்கிறது, கணக்கு இன்னும் ஏறவில்லை. இரண்டில் எதுவானாலும் திட்ட ஒன்றும் இல்லை, எங்கிருந்து சொல்லிக்கொடுப்பது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம் உங்கள் கணவருக்குத் தெரியவேண்டும். 2005-ல் அமெரிக்காவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஏஞ்சலா டக்வொர்த்தும் மார்ட்டின் செலிக்மனும் செய்த ஆய்வில், மார்க்கை முடிவு செய்வதில் புத்திக்கூர்மையைவிட சுயக்கட்டுப்பாட்டுக்குத்தான் பங்கு அதிகம் என்று தெரிந்தது. நாமக்கல் மே மாத வெயிலில் கேபினுக்கு அடியில் படுத்து, எந்த வயரில் எர்த் விட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை எழுந்திருக்காத பையனிடம் அது இருக்கிறது. கணக்கு நோட்டுக்கு அது இன்னும் வரவில்லை.

அப்படியானால் பட்டறையிலேயே விட்டுவிடலாமா? கூடாது. 2020 ஏப்ரலிலிருந்து விற்கும் வண்டிகள் எல்லாம் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வருபவை. சென்சார், கன்ட்ரோல் யூனிட் என்று வண்டிக்குள்ளேயே கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. டெஸ்ட் லாம்ப்பை வைத்து வயர் வயராகத் தொட்டுப் பார்க்கும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. கோளாறு எங்கே என்று ஸ்கேனர் காட்டும் குறியீட்டைப் படித்து, சர்க்யூட் படத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும், அந்தப் படம் ஆங்கிலத்தில் இருக்கும். படிக்காமல் இந்தத் தொழிலுக்குப் போகிறவன் இன்னும் பத்து வருடத்தில் ஸ்கேனர் தெரிந்தவனுக்கு உதவியாளாகத்தான் நிற்பான்.

கணக்கில் 41 வைத்துக்கொண்டு பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப்பும் வேண்டாம். என் யோசனை, அரசு ஐடிஐ. எலக்ட்ரீஷியன் அல்லது மோட்டார் வாகன மெக்கானிக், இரண்டு வருடப் படிப்பு. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்து விருப்பம் இருந்தால் இன்ஜினியரிங்கிலும் நேராக இரண்டாம் வருடம். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு ஐடிஐ தகுதி போதும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். சோதனையில் முதல் வகையாகப் பதில் சொன்னான் என்றால் பாலிடெக்னிக்கில் முதல் வருடமே சேர்க்கலாம், ஆனால் அங்கே முதல் வருடத்திலேயே கணக்கு உண்டு. எந்த வழியானாலும் சேர்வதற்குள் ஆறு முதல் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பின்னம், விகிதம், சமன்பாடு மூன்றையும் யாரிடமாவது உட்கார்ந்து முடிக்கட்டும். அக்காவையே சொல்லித்தரச் சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். இப்போது வேண்டாம். அவள் மனம் சரியில்லாமல் இருக்கிறாள், இவன் தினமும் அவளோடு ஒப்பிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான். வேறு ஆள் பாருங்கள். அப்படியே ஒருமுறை கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

விண்ணப்பத்துக்கு மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் தயாராக இருக்கட்டும். ரிசல்ட் வந்த பிறகு அதிக நாள் அவகாசம் இருக்காது. சான்றிதழில் பெயர், இனிஷியல் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். பல பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தும் இழுபறி ஆவது இதில்தான்.

மகள் எந்தப் பிரிவில் இன்ஜினியரிங் படித்தாள், அரியர் இருக்கிறதா, கடைசி இன்டர்வியூவில் எந்தச் சுற்றுவரை போனாள் என்று கேட்டு எழுதுங்கள். அது தெரிந்தால்தான் அவளுக்கு எந்த மாதிரி வேலை தேடுவது என்று சொல்ல முடியும். முடிந்தால் அந்தக் கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள்.